பலகைக்கு அந்தப் பக்கம்

பலகைச் சுவர் எழுந்து பதினொரு நாள் ஆகியிருந்தது. அதைப் பார்வையிட மறுநாள் சென்னையிலிருந்து ஆள் வருகிறது என்று பிரசாத் சார் சொன்னார்.

"சுவரை மட்டும் இல்லீங்க ஜூடித், உங்களையும்தான். மயில்சாமி எழுதிப் போட்டிருக்காரு. குன்னூர் ஆபீஸ்ல டெர்மினல்ல உக்கார்ற புள்ள மெதுவாம். அவருக்கு ஒவ்வொரு தடவையும் விலை நழுவிப் போகுதாம்."

"நான் மெதுவில்லை சார்."

"என்னது?"

"மெதுவில்லை."

"இதைத்தாங்க நானும் சொல்றேன். வாய்க்குள்ளயே பேசுனா எப்படி? கொஞ்சம் சத்தமாப் பேசுங்க."

எல்லோரும் இதையே சொல்கிறார்கள். எங்கள் ஊர் ஜெகதளாவுக்குப் போகும் பஸ்ஸில் கண்டக்டர், சர்ச்சில் பாட்டு சொல்லித்தரும் எல்சா அக்கா, வீட்டில் அம்மா. "வாய்ல என்ன கொழுக்கட்டையா?" என்பது அம்மாவின் கேள்வி. அம்மா பள்ளி ஆசிரியை. வகுப்பின் கடைசி பெஞ்சுக்குக் கேட்கும்படி பேசிப் பழகியவர். எனக்கு எதிரில் நிற்பவருக்குக் கேட்டால் போதும் என்று தோன்றும். அதற்கு மேல் குரல் எழும்பாது.

ஆனால் மெதுவு என்பது வேறு. அந்தச் சொல்லை என் பெயருக்கு நேராக எழுதிவிட்டால் டெர்மினலில் நுழைவதற்கான என் எண்ணை எடுத்துவிடுவார்கள். அந்த எண் போனால் வேலை போகும். வேறு எந்தத் தரகு ஆபீசும் சேர்த்துக்கொள்ளாது. அந்த எண்ணுக்காகத் தேர்வெழுதி முதல் முறையிலேயே தேறியிருந்தேன். இயற்பியல் பட்டம் வாங்கிய பிறகு இந்த மலையில் எனக்குக் கிடைத்த ஒரே வேலை அது. பிடித்தும் இருந்தது. திரையோடு சத்தமாகப் பேச வேண்டியதில்லை.

எங்கள் ஆபீஸ் குன்னூர் மார்க்கெட் பக்கம் ஒரு மாடியில், தகரக் கூரையின் கீழ் ஒரே அறை. முன்பேர வணிகம் செய்யும் தரகு நிறுவனத்தின் கிளை. அடுத்த மாதம் கைமாறும் சரக்குக்கு இன்றைக்கே விலை பேசி முடிக்கும் இடம். பேச்சு எல்லாம் கம்ப்யூட்டரில்தான். வாடிக்கையாளர்கள் போனில் சொல்வார்கள், நான் டெர்மினலில் அடிப்பேன்.

பிரசாத் சார் கிளைப் பொறுப்பாளர். வாடிக்கையாளர்களுக்காக நாங்கள் விற்கும் அதே சந்தையில் தன் சொந்தக் கணக்கிலும் வாங்குவார், விற்பார். அது தப்பில்லை, எங்கள் நிறுவனம் அனுமதித்திருந்தது. ஆனால் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து செய்யக் கூடாது என்று இந்த வருடம் ஹெட் ஆபீசிலிருந்து உத்தரவு வந்தது. சொந்தக் கணக்கில் வியாபாரம் செய்பவருக்கு வாடிக்கையாளரின் ஆர்டர் கண்ணில் படக் கூடாது. இரண்டுக்கும் நடுவே சுவர் இருக்க வேண்டும். இல்லையென்றால் சொந்த வியாபாரத்தை விட்டுவிட வேண்டும்.

சார் விடவில்லை. தச்சர் காளிமுத்துவைக் கூப்பிட்டார்.

காளிமுத்து ஒரே மதியத்தில் அறையின் குறுக்கே பிளைவுட் பலகையை நிறுத்தி, மர வரி போட்ட தாளை ஒட்டிவிட்டார். பார்வைக்குத் தேக்கு மாதிரி இருந்தது. சாருக்கு உள்பக்கம், எனக்கு வெளிப்பக்கம். யுபிஎஸ் ஒன்றுதான் என்பதால் வயர் போக அடியில் ஓர் ஓட்டை. அதில் பழைய துணியைச் செருகினார்கள். மூடுபனியில் பலகை ஊதிக்கொண்டதில் கதவு சாத்த வராமல் போனது. சார் தோளால் இடித்துச் சாத்துவார். தேநீருக்கு, சாப்பாட்டுக்கு, பாத்ரூமுக்கு என்று ஒவ்வொரு முறையும் இடி. ஒவ்வொரு இடிக்கும் என் மேசை ஆடும். ஹெட் ஆபீசுக்குப் போட்டோ அனுப்பினார். 'நன்று' என்று பதில் வந்தது.

மயில்சாமி எங்களுடைய பெரிய வாடிக்கையாளர். கோயம்புத்தூர்க்காரர், குன்னூரில் ஏலக்காய், மிளகு மொத்த வியாபாரம். கூடலூர் பக்கமிருந்து ஏலக்காய் வாங்கிக் கிடங்கில் வைப்பார். விற்பதற்குள் விலை இறங்கினால் அடி. அதனால் கையிலுள்ள சரக்குக்கு ஈடாக, அடுத்த மாத ஏலக்காயை எங்கள் மூலம் இப்போதே விற்று வைப்பார். எந்த ஆர்டரானாலும் அவர் சொன்னதை நான் வாய்விட்டுத் திரும்பச் சொல்ல வேண்டும். அவர் 'சரி' என்ற பிறகுதான் அழுத்த வேண்டும். எல்லாம் போனில் பதிவாகும். வாடிக்கையாளரின் பாதுகாப்புக்காக வந்த விதி.

ஏலக்காயில் கூட்டம் குறைவு. வாங்குவதற்கு விரல் விட்டு எண்ணும் அளவுதான் ஆட்கள் நிற்பார்கள். யார் என்ன விலைக்கு நிற்கிறார்கள் என்பது வரிசையாகத் திரையில் தெரியும். மேலே நிற்பவர் நல்ல விலை தருபவர். முதலில் அழுத்துகிறவருக்கு அவர் கிடைப்பார். அடுத்து வருகிறவர் கீழே நிற்பவரிடம் குறைந்த விலைக்குத்தான் விற்க முடியும்.

மயில்சாமிக்கு எப்போதும் கீழே நிற்பவர்தான் கிடைத்தார்.

"ஏனம்மிணி, காலைல சோறு திங்கலையா? நான் சொல்றப்ப ஒரு விலை, நீ அடிக்கறப்ப ஒரு விலை. கீபோர்டு என்ன சூடா இருக்குதா, தொட்டாச் சுடுதா?"

"இல்லீங்கண்ணா, நான் உடனே..."

"என்னமோ முனகறே. வெச்சுர்றேன் போ."

சுவர் வருவதற்கு முன் சாரின் மேசை எனக்குப் பக்கத்தில் இருந்தது. என் திரை அவருக்குத் தெரியும். அப்போதே எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது, யாரிடமும் சொல்லவில்லை. சுவர் வந்தபோது நிம்மதியாக இருந்தது. இனி எல்லாம் சரியாகிவிடும். முதல் நாளே மயில்சாமி விற்றார். முதல் நாளே விலை நழுவியது.

சுவர் இருக்கிறது, இன்னும் நழுவுகிறது. அப்படியென்றால் காரணம் நான்தான். ஞாயிற்றுக்கிழமை பூராவும் தம்பியின் பழைய கீபோர்டை மடியில் வைத்துத் தட்டிப் பழகினேன். அம்மா கதவருகே நின்று பார்த்தார்.

"பியானோவா கத்துக்கறே?"

"வேகம் போதலையாம்மா."

"உனக்கா? மூணு வயசுல சட்டினி அரைச்சு முடிக்கறதுக்குள்ள நாலு இட்லி தின்னவ நீ."

பிறகு ஒரு மதியம் மழை பிடித்தது. எங்கள் தகரக் கூரையில் மழை விழுந்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. மயில்சாமி அழைத்தார். நான் ரிசீவரோடு வாயை ஒட்டி ஆர்டரைத் திரும்பச் சொன்னேன். அவர் இரண்டு முறை 'ஆ?' என்றார். மூன்றாம் முறை 'சரி' என்றார். அழுத்தினேன். வழக்கத்தைவிட எவ்வளவோ தாமதம்.

மேலே நின்றவர் கிடைத்தார். முழு விலை.

"அட, அம்மிணிக்கு மழை வந்தாத்தான் ரோசம் வருது போல" என்றார் மயில்சாமி.

திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மெதுவாகச் செய்த அன்று விலை சரியாக வருகிறது, வேகமாகச் செய்தால் நழுவுகிறது. ஆய்வகத்தில் இப்படி ஒரு முடிவு வந்தால் அளக்கும் கருவியைச் சந்தேகப்பட மாட்டோம். மழையைச் சந்தேகப்படுவோம்.

அடுத்த நாள் வெயில். மயில்சாமி அழைத்தபோது எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டதுபோலப் பேசினேன். சத்தமே இல்லாமல், காற்றை மட்டும் விட்டு. முழு விலை. மதியம் மறுபடி அழைத்தார். இப்போது என்னால் முடிந்த அளவு சத்தமாகச் சொன்னேன். "ஏலக்காய், அடுத்த மாதம், விற்க." அவர் 'சரி' சொல்வதற்குள் பலகைக்கு அந்தப் பக்கம் 'டொக்' என்று ஒரு சத்தம். சாரின் கீபோர்டில் எண்டர் பொத்தான் கொஞ்சம் கெட்டது, அழுத்தினால் அப்படித்தான் ஒலிக்கும். விலை நழுவியது. மயில்சாமி விற்று முடித்து விலை இறங்கிய பிறகு அந்தப் பக்கம் இன்னொரு 'டொக்', விற்றதைக் குறைந்த விலைக்குத் திரும்ப வாங்கிக்கொள்ளும் 'டொக்'.

மறுநாளும் செய்தேன். அதற்கு மறுநாளும். ஒருமுறை கூட மாறவில்லை. என் பட்டப்படிப்பில் ஒரு சோதனைகூட இவ்வளவு ஒழுங்காக முடிவு தந்ததில்லை.

காற்றுக் குரலில் பேசும் நாட்களில் பலகைக்குப் பின்னாலிருந்து சாரின் குரல் வரும். "ஜூடித், சத்தமாங்க! பதிவுல விழணும். நாளைக்கு ஒரு பிரச்சினைன்னா உங்களுக்குத்தான் கஷ்டம்."

ஹெட் ஆபீசில் விதிமுறைகளைக் கவனிக்கும் பிரிவுக்கு, சார் சாப்பிடப் போன நேரத்தில், போன் செய்தேன். எடுத்தவர் பெயர் சொல்லவில்லை. முதலில் என் குரல் பதிவில் விழுகிறதா என்று கேட்டேன்.

"நல்லா விழுதே. நீங்க மூச்சு விடறதுகூட விழுது."

"இங்கே ஒரு சுவர் போட்டிருக்காங்க சார். அது வந்து..."

"சுவர் இருக்கா இல்லையா?"

"இருக்கு. ஆனா..."

"போட்டோ பாத்தேன். நல்லாத்தானே இருக்கு? தேக்கா?"

"பிளைவுட் சார். நான் என்ன சொல்ல வர்றேன்னா..."

"ஒரு ஆளு இன்னொரு ஆளோட திரையைப் பாக்கக் கூடாது. பாக்க முடியுதா?"

"பாக்க முடியாது. ஆனா..."

"அவ்வளவுதாம்மா. விதி அதுக்குத்தான்."

வைத்துவிட்டார். 'ஆனா'வுக்கு மேல் என்னைப் பேசவிடும் ஆள் இந்த உலகத்தில் உண்டா என்று தெரியவில்லை.

சனிக்கிழமை மயில்சாமியின் கடைக்கே போனேன். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். கடை வாசலில் ஏலக்காய் மூட்டைகள். அவர் ஒரு காயை உரித்து விதையை வாயில் போட்டுக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"யாரு, ஊட்டி டூரிஸ்டா?"

"ஜூடித்துங்கண்ணா. ஆபீஸ்ல..."

"அட! அந்தக் குரலு உன்னுதா? போன்ல கேட்டா எறும்பு பேசற மாதிரி இருக்கும். உக்காரு. டீ குடிக்கறயா?"

"வேண்டாங்கண்ணா. ஒரு விஷயம் சொல்லணும்."

"நான் முதல்ல சொல்லிர்றேன். உம்மேல எழுதிப் போட்டுட்டேன் அம்மிணி. கோவிச்சுக்காதே. உங்க பிரசாத்து எவ்வளவு நல்ல மனுசன், பாவம். அவரேதான் சொன்னாரு. புதுப் புள்ள, விரல் ஓடலை, எழுதிக் குடுத்தா மாத்திர்றேன்னு."

"சார் சொன்னாரா?"

"ஆமா. உனக்கு வேற வேலை பாத்துத் தர்றேன்னும் சொன்னாரு. நல்ல மனுசன்."

"அண்ணா, விலை ஏன் நழுவுதுன்னா..."

"கையிதான், வேற என்ன?" அவர் போன் அடித்தது. கூடலூர்க்காரர் யாரோ. மலையாளமும் தமிழுமாக மூட்டைக் கணக்கு பேசத் தொடங்கினார். ஐந்து நிமிடம் நின்றேன். பத்து நிமிடம் நின்றேன். அவர் பேசிக்கொண்டே ஒரு கைப்பிடி ஏலக்காயைத் தாளில் கட்டி என் கையில் திணித்து, தலையை ஆட்டி விடைகொடுத்தார். வாங்கிக்கொண்டு படியிறங்கினேன். அந்த ஏலக்காயை வீட்டுக்கு வரும் வழியில் எங்கேயாவது எறிந்துவிட வேண்டும் என்று இருந்தது. எறியவில்லை. அம்மா டீயில் போட்டார்.

சார் கெட்டவர் என்று இதுவரை நினைத்ததில்லை. என் காலடிக்கு ஹீட்டர் வாங்கி வைத்தவர் அவர்தான். பஸ் இல்லாத அன்று தன் காரிலேயே ஜெகதளா வரை கொண்டுவந்து விட்டிருக்கிறார். அதனால்தான் இவ்வளவு எரிச்சலாக இருந்தது. முழுக்கக் கெட்டவராக இருந்திருந்தால் என் தொண்டை கொஞ்சம் முன்பே திறந்திருக்கும்.

இப்படித்தான் அந்தப் பன்னிரண்டாம் நாள் வந்தது.

காலையில் சார் எனக்கு முன்பே வந்திருந்தார். பலகையை ஈரத்துணியால் துடைத்திருந்தார். உப்பிய கதவின் ஓரத்தை இழைத்து, தானாகச் சாத்தும்படி செய்திருந்தார். பதினொரு நாள் இடித்துச் சாத்தியவர்.

"ஜூடித், ஒண்ணு சொல்றேன் கேளுங்க. இன்னிக்கு போன் வந்தா மெதுவாப் பேசுங்க. மேடம் வேலை பாப்பாங்க, தொந்தரவா இருக்கும்."

"மெதுவாங்களா சார்?"

"மெதுவா. உங்களுக்குத்தான் அது நல்லா வருமே" என்று சிரித்தார்.

வந்தவர் பெயர் ராஜப்ரியா. சந்தையை நடத்தும் அமைப்பிலிருந்து வந்த ஆய்வு அதிகாரி. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறிவந்த வளைவுகள் அவரை ஒரு வழி ஆக்கியிருந்தன. முகம் வெளுத்து, கையில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே படியேறினார்.

"எத்தனை வளைவு சார்! இதுல தினம் போயிட்டு வர்றாங்களா மனுஷங்க?"

"பழகிருங்க மேடம். சூடா ஒரு டீ சாப்டா சரியாயிரும்."

அவர் சுவரைப் பார்த்தார். இந்தப் பக்கமிருந்து ஒரு போட்டோ, அந்தப் பக்கமிருந்து ஒரு போட்டோ. சார் பலகையை விரல் மடக்கித் தட்டிக் காட்டினார். "கெட்டி மேடம்." ராஜப்ரியாவும் தட்டிப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு லேப்டாப்பைத் திறந்தார்.

"ஒரே ஒரு கேள்வி சார். மயில்சாமியோட விற்பனைக்குச் சில நொடி முன்னாடி உங்க சொந்தக் கணக்குல ஒரு விற்பனை இருக்கு. எப்பவாவது இருந்தா சரி. இது அடிக்கடி இருக்கே."

கேட்டுவிட்டார். ஒருவர் கேட்டுவிட்டார்.

"மேடம், நானும் அதே திரையைத்தான பாக்கறேன்? பதினஞ்சு வருச அனுபவம். விலை திரும்பறது முன்னாடியே தெரிஞ்சுருது. அவரு ஆர்டர் எனக்கு எப்படித் தெரியும்? நடுவுல சுவர் இருக்குதே." சார் குரலைத் தாழ்த்தினார். "இந்தப் புள்ள விரல் கொஞ்சம் மெதுவு. அதனாலதான் அவரு பின்னால விழறாரு. நல்ல புள்ள. குறை சொல்ல மனசு வரலை."

ராஜப்ரியா என் பக்கம் திரும்பினார். "நீங்க ஏதாவது சொல்லணுமாம்மா?"

சொல்ல வேண்டியதெல்லாம் நாக்கின் நுனியில் வரிசையாக நின்றது. சார் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாக இல்லை, ஹீட்டர் வாங்கித் தந்த அன்று பார்த்த மாதிரியே.

"நான்... மெதுவில்லை மேடம்."

"என்ன சொன்னீங்க? கேக்கலை."

"ஒண்ணும் இல்லை."

"சரி" என்றார். களைப்பாக இருந்தது அவருக்கு. இருவரும் உள்ளே போனார்கள். இழைத்த கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது.

நான் என் இடத்தில் உட்கார்ந்தேன். என்மேலேயே ஆத்திரமாக வந்தது. உள்ளே டம்ளரில் கரண்டி கலக்கும் சத்தம். பிறகு ராஜப்ரியாவின் குரல், தட்டச்சு செய்துகொண்டே வாசிக்கும் குரல்.

"தடுப்புச் சுவர் விதிப்படி உள்ளது. டெர்மினல் ஊழியரின் வேகம் போதாது. டெர்மினல் எண்ணைத் திரும்பப் பெற... அவங்க முழுப் பெயர் என்ன சார்?"

"ஜூடித் மேடம். இனிஷியல் எஸ்."

ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழுந்தது. என் பெயரின் முதலெழுத்து வரைக்கும். பலகையைப் பார்த்தேன். மர வரி போட்ட தாள், ஓர் ஓரத்தில் ஈரத்தில் கொப்புளித்து நின்றது.

போன் அடித்தது.

"அம்மிணி, ஏலக்கா. அடுத்த மாசம். அஞ்சு லாட்டு வித்துரு. இன்னிக்காவது கையை வீசி அடி."

நான் எழுந்து நின்றேன். ஏன் எழுந்தேன் என்று தெரியவில்லை. சர்ச்சில் பாடும்போது எல்சா அக்கா எழுந்து நிற்கச் சொல்வார், நின்றால்தான் குரல் வயிற்றிலிருந்து வரும் என்று. ரிசீவரை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்தேன்.

"மயில்சாமி அண்ணா. ஏலக்காய். அடுத்த மாதம். ஐந்து லாட். விற்க."

அது என் குரல் என்று எனக்கே தோன்றவில்லை. உள்ளே கரண்டிச் சத்தம் நின்றது.

"யாரது? ஜூடித்தா?" என்றார் மயில்சாமி. "அடேங்கப்பா, காது கிழியுது. சரி, சரி. அடி. என்ன நிக்கறே?"

"அடிக்க மாட்டேண்ணா. முதல்ல நான் சொல்றதைக் கேளுங்க."

"ஜூடித்!" என்று உள்ளிருந்து சார் கூப்பிட்டார். "மெதுவாங்க!"

நாற்காலி தள்ளப்படும் சத்தம் கேட்டது. அதோடு, "இருங்க சார், அவங்க பேசட்டும்" என்ற ராஜப்ரியாவின் குரலும். நான் பலகையைப் பார்த்துத் திரும்பி, அதற்கே சொல்வதுபோலச் சொன்னேன்.

"என் கை மெதுவில்லைண்ணா. விதிப்படி உங்க ஆர்டரை நான் திரும்பச் சொல்றேன். நான் சொல்றது அத்தனையும் இந்தப் பலகைக்கு அந்தப் பக்கம் கேக்குது. அதைக் கேட்டுட்டு, நீங்க 'சரி'ங்கறதுக்குள்ள, பிரசாத் சார் உங்களுக்கு முன்னாடி வித்துர்றாரு."